கண்ணாடி மேல் பிறக்கும் பிளாஸ்டிக் திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மடக்கு போன்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். ஆனால் செய்தித்தாள் மாதிரி பிளாஸ்டிக் சுருளில் திரையை அச்சடித்துத் தள்ளுகிறார்கள் என்ற இடத்தில் இடறி நின்றுவிட்டேன். பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட்டுக்கு பிலிம் ஓட்டும் ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். சுருள் என்றாலே காது விடைத்துக்கொள்ளும்.

கடையில் நாம் வாங்கும் மடக்கு போனில் இருப்பது ஓஎல்இடி திரை, அதாவது மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஆன திரை. அது சுருளில் ஓடி வருவதில்லை. பெரிய கண்ணாடித் தகட்டின் மேல் பாலிஇமைடு என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக்கின் கரைசலைப் பரப்பி, சூடேற்றிப் படலமாக்குகிறார்கள். அதன் மேல் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் இயக்கும் டிரான்சிஸ்டர்கள். அப்புறம் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் ஒளிரும் கரிமப் பொருட்கள். கடைசியில் மூடி போல ஒரு காப்பு. எல்லாம் முடிந்ததும் கண்ணாடிக்கு அடியிலிருந்து லேசரைப் பாய்ச்சி, கல்லிலிருந்து தோசையை எடுப்பது போலப் பிரித்து எடுக்கிறார்கள். வேலை முடியும்வரை பிளாஸ்டிக் நெளியாமல் கிடக்கத்தான் அந்தக் கண்ணாடி.

சாதாரண பிளாஸ்டிக்கிலும் முயன்று பார்த்ததுண்டு. தண்ணீர் பாட்டில் செய்கிறோமே, அதே பெட் பிளாஸ்டிக்கின் மேல் 1992-லேயே அமெரிக்காவில் வளையும் ஒளி டயோடு செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் போன் திரையின் சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வேண்டும். பெட் 260-ஐ ஒட்டியே உருகிவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். கட்டுரை அதைத் தொடவே இல்லை. எங்கள் ஆலையில் ஒரு சதுர மீட்டர் பிலிம் வழியாக ஒரு நாளில் கசியும் நீராவி ஒரு கிராமுக்குள் இருந்தால், நல்ல ரோல் என்று லாரியில் ஏற்றிவிடுவோம். ஓஎல்இடி கேட்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஊசிமுனைத் துளை போதும், ஈரம் உள்ளே போய் எதிர்மின்வாய் உலோகத்தைக் கெடுக்கும். திரையில் கரும்புள்ளி விழும், நாளாக ஆக அது பரவும். கண்ணாடி என்றால் ஈரத்தைத் தானே தடுத்துவிடும். பிளாஸ்டிக் தடுக்காது. அதனால் கனிமப் படலம், கரிமப் படலம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒன்றில் இருக்கும் ஓட்டையும் அடுத்ததில் இருக்கும் ஓட்டையும் நேர்க்கோட்டில் அமையாது, ஈரம் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். பாக்கெட் பிலிமில் இதற்கெல்லாம் செலவழித்தால் பிஸ்கட்டைவிட உறை விலை அதிகமாகிவிடும்.

இன்னொன்று. பிளாஸ்டிக் திரை என்பதால் கவலை இல்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தீர்கள். 2019 ஏப்ரலில் சாம்சங் கேலக்ஸி ஃபோல்டை விமர்சனத்துக்கு வாங்கிய சிலர், மேலே இருந்த பாதுகாப்புப் படலத்தைச் சாதாரண ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிட்டார்கள். திரை போயிற்று. விற்பனையே செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. புதுசு வாங்கினால் மேலே உள்ளதை உரித்துப் பார்ப்பது நம் வீடுகளிலும் பழக்கம்தான். அடுத்த இதழில் திரையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைப் போட்டு, எதை உரிக்கக் கூடாது என்று அம்புக்குறி வைத்துக் காட்டினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஓசூர்.