நாடக மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, பள்ளி மாணவர் பேச்சுப் போட்டி, உலக நாடக நாள் கூட்டம் மூன்றும் வழக்கம்போல நடந்தன. மன்ற அறையில் உடைந்த ஓடுகள் மாற்றப்பட்டன.

இவ்வாண்டின் பெரும்பணி, கேரளத்தின் பிளாச்சிமடாவில் கோகோ கோலா ஆலைக்கு எதிரான போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மாவைப் பற்றிய ஓராள் நாடகம். ‘கேரளத்துக் கதை பொள்ளாச்சி மன்றத்துக்கு எதற்கு?’ என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பிளாச்சிமடா பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், பெருமாட்டி ஊராட்சியில், நம் எல்லையை ஒட்டி இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் வீடுகள் நிறைய. நம் ஆழியாறு எல்லை தாண்டிப் போய் அந்தப் பக்கத்து ஆற்றில்தான் கலக்கிறது. மயிலம்மா எரவாளர் பழங்குடிப் பெண். ஆனைமலைப் பக்கம் நம்மோடு வாழ்பவர்களும் அதே மக்கள்.

2000இல் கோகோ கோலா ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. கொஞ்ச காலத்திலேயே கிணற்று நீர் இறங்கியது. மிஞ்சிய தண்ணீரில் அரிசி வேகவில்லை, குளித்தால் அரிப்பு என்று பெண்கள் முறையிட்டார்கள். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள், தொடங்கிவைத்தவர் கேரளப் பழங்குடித் தலைவர் சி.கே. ஜானு. உரம் என்று சொல்லி உழவர்களுக்குக் கொடுத்த ஆலைக்கழிவில் காட்மியம், ஈயம் ஆகிய நச்சு உலோகங்கள் இருப்பது 2003இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு நிபந்தனைகளோடு நீர் எடுக்க அனுமதித்தும் ஆலை மீண்டும் ஓடவில்லை. 2007இல் மயிலம்மா மறைந்தார். பாதிப்பின் மதிப்பு 216.26 கோடி ரூபாய் என்று 2010இல் உயர்நிலைக் குழு கணக்கிட்டது. இழப்பீட்டுக்காகக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆகவே நாடகத்தை வெற்றி முழக்கத்தோடு முடிக்கக் கூடாது என்று எழுதும்போதே முடிவு செய்தோம். மூடிய ஆலையின் முன்னால் மயிலம்மா இழப்பீட்டுப் பணத்தைக் கணக்குக் கேட்டுக்கொண்டு நிற்கையில் விளக்கு அணைகிறது.

நாடகம் 55 நிமிடம். அடுத்து இதைக் கையில் எடுப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்முறையைப் பதிவு செய்கிறேன்.

மேடைப்பொருள்: பிளாஸ்டிக் குடம் 12, ஒரு முக்காலி, ஆறடித் தென்னங்கீற்றுத் தட்டி ஒன்று. குடங்களில் இரண்டில் மட்டும் உண்மையாகவே தண்ணீர் இருக்க வேண்டும். காலிக் குடத்தை நிறைகுடம்போலத் தூக்கி நடித்தால் தண்ணீர் சுமக்கிற பெண்கள் முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் எதையும் நம்ப மாட்டார்கள். முழுக்க நிரப்பினால் 15 கிலோவுக்கு மேல் போய் நடிகையின் இடுப்பு தாங்காது. 6 லிட்டர் சரியான அளவு: இடுப்பு சாயும், நடை மாறும், தளும்பும் சத்தமும் கேட்கும். சிந்துகிற தண்ணீரில் தார்ப்பாய் வழுக்கும் என்பதால் நடக்கும் தடத்தில் ஈரச் சாக்கு விரிக்க வேண்டும்.

சோப்புக் காட்சிதான் கூட்டத்தை நிமிர்த்தி உட்கார வைக்கிறது. இரண்டு கண்ணாடி ஜாடிகளில் ஒரே சோப்பைக் கரைத்துக் குலுக்கும்போது ஒன்றில் நுரை பொங்கும். மற்றதில் தயிர் திரிந்தாற்போல வெள்ளைத் திப்பி மிதக்கும். இரண்டாவது ஜாடிக்கு, தென்னைக்கு வைக்கிற மெக்னீசியம் சல்பேட்டை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி கலந்தால் போதும். சாதாரணக் கட்டிச் சோப்பைத்தான் சீவிப் போட வேண்டும். சலவைத்தூள் உப்புநீரிலும் நுரைக்கும், காட்சியே கெட்டுவிடும். முதல் ஜாடிக்கு நம் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதிலும் நுரை எழாது. மழைநீரையோ கேன் தண்ணீரையோ கையோடு கொண்டுபோக வேண்டும்.

ஒரே நடிகை ஐந்து பேராக மாற வேண்டும். உடை மாற்ற நேரமில்லை; தோளில் கிடக்கும் ஒரு துண்டுதான் கருவி. அதைவிட முக்கியம் பார்வை. காவலாளி பேசும்போது கண் தரையைப் பார்க்கும், அதிகாரி பேசும்போது கூட்டத்தின் தலைக்கு மேலே போகும், மயிலம்மா எதிரில் இருப்பவரின் கண்ணையே பார்ப்பார். இந்த உயரம் ஒத்திகையில் பதியாவிட்டால் பேசுவது யாரென்று கூட்டத்துக்குக் குழம்பிவிடும். எரவாளர் பேச்சை மிமிக்ரி செய்யவே கூடாது. நடிகையின் சொந்தப் பேச்சுத் தமிழே போதும்.

காலர் மைக் வேண்டாம். முந்தானை உரசும், வியர்வையில் செத்துப்போகும். 150 பேரை அரைவட்டமாக நெருக்கி உட்கார வைத்தால் வெறுங்குரல் எட்டும். ஜெனரேட்டர் சத்தம் அந்தக் குரலை விழுங்கிவிடுவதால் இரண்டு எல்.ஈ.டி. விளக்குகளுக்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் கொண்டுபோகிறோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓராள் நாடகம் என்றதும் ஓர் ஆள் போதும் என்று உறுப்பினர்களில் பலர் இருந்துவிட்டார்கள். மேடையில் ஒருவர் நிற்கக் கீழே நான்கு பேராவது வேண்டும்: தண்ணீர் பிடிக்க ஒருவர், விளக்குக்கு ஒருவர், சாக்கு, தட்டி, ஜாடிகளுக்கு ஒருவர், கூட்டத்தை உட்கார வைக்க ஒருவர். பல ஊர்களில் நடிகையே குடத்தைக் கழுவி வண்டியில் ஏற்றினார். பெண்கள் தண்ணீருக்காகச் சுமந்த சுமையைக் காட்டும் நாடகத்தில் இப்படி நடந்தது எனக்குப் பெரிய வருத்தம். ஒத்திகைக்கு வருவதாகக் கையெழுத்திட்டவர்களில் பாதிப்பேர் ஒருநாளும் வரவில்லை. வேலை, விசேஷம் எல்லாருக்கும் உண்டு. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் மாற்று ஏற்பாடு செய்யலாம்.

சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. இரண்டாண்டுக்கு மேல் பாக்கி வைத்திருப்பவர்களில் செயற்குழுவில் இருப்பவர்களும் உண்டு. வரவு பெரும்பாலும் நன்கொடை. செலவில் பெரும்பகுதி வண்டி வாடகைக்கும் பேட்டரிக்கும் போனது. கையிருப்பு சொற்பம். பற்றுச்சீட்டுகள் தணிக்கையாளர் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன.

இடம் தந்த பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும், வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், தலைவருக்கும் பொருளாளருக்கும் நன்றி. நடிகைக்கு மன்றம் தனியே கடன்பட்டிருக்கிறது. அவருக்குப் போக்குவரத்துச் செலவைத் தவிர இதுவரை எதுவும் கொடுக்க முடியவில்லை.

வரும் ஏப்ரல் 22 அன்று எல்லையோர ஊர் ஒன்றில் நாடகத்தைப் போட விரும்புகிறோம். அதற்குள் இந்த வேடத்தைக் கற்றுக்கொள்ள இன்னொரு பெண் வேண்டும். இப்போதைய நடிகைக்குக் காய்ச்சல் வந்தால் நாடகமே நின்றுவிடும் நிலையில் இருக்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் குடம், ஜாடி, துண்டு, பிரதி அத்தனையையும் ஒப்படைத்துக் கூடவே நின்று உதவுகிறேன். யாரும் வராவிட்டால் தொடர்கிறேன். ஆனால் நிலுவைச் சந்தா மார்ச் மாதத்துக்குள் வந்தால்தான் வண்டிக்கு முன்பணம் கட்ட முடியும்.

இப்படிக்கு,
செயலாளர்