குடந்தைக் கல்லூரியில் படித்தவர்களின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

உங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ 1900-க்கு முன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தவர் என்றால் இந்த மடல் உங்களுக்குத்தான்.

1854-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது, 1867-இல் கல்லூரியாயிற்று. முதல்வர் போர்ட்டர் துரையும் ஆசிரியர் கோபால ராவும் அதை வளர்த்த விதமும், ‘தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்’ என்று அதற்குப் பேர் வந்ததும் எழுதப்பட்டாயிற்று. அங்கே படித்த பையன்கள் எப்படி இருந்தார்கள் என்பதைத்தான் யாரும் சேர்த்து வைக்கவில்லை.

1944-இல் பாலம் கட்டும்வரை காவிரியைத் தாண்டிப் போகப் படகுதான், இல்லையென்றால் நீச்சல். நான் பாலத்தில் நடந்து வகுப்புக்குப் போனவன். ஆற்றில் இருகரையும் தொட்டுத் தண்ணீர் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: ஐப்பசி மழையில் அந்தப் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்? புத்தகத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நீந்தினார்களா? ஈர வேட்டியோடே ஷேக்ஸ்பியர் படித்தார்களா? ஏழைப் பிள்ளைகள் வாரச் சாப்பாட்டில், அதாவது நாளுக்கு ஒரு வீட்டில் சாப்பிட்டு, படித்த காலம் அது. திங்கட்கிழமை எந்த வீட்டில் இலை போட்டார்கள், எந்த வீட்டம்மாள் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறை சோறு வைத்தாள் என்பதெல்லாம் சாப்பிட்டவர்களுக்கு மறந்திருக்காது.

தமிழ் வகுப்பைப் பற்றி ஓரளவு தெரிகிறது. 1880-இல் கல்லூரியின் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் தம் இடத்தில் உ.வே. சாமிநாதையரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஐயருக்கு அப்போது 25 வயது. செய்யுளை இராகத்தோடு பாடிப் பாடம் சொல்வார். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், ‘சிந்தாமணி படித்ததுண்டா?’ என்று அவரைக் கேட்டார். 1887-இல் அந்தச் சீவக சிந்தாமணிக் காப்பியம் ஐயரின் பதிப்பாக அச்சில் வந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் அவர் முன்னே பெஞ்சில் இருந்தவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்கள். வாத்தியார் எழுதி வைத்ததால் வாத்தியாரின் பக்கம் நமக்குக் கிடைத்தது. பெஞ்சின் பக்கம் கிடைக்கவில்லை. பின்னால் 1904-இல் சேர்ந்து, ஆங்கிலத்தில் தோற்று, உதவித்தொகையை இழந்த ஒரு மாணவரை நாம் அறிவோம்; அவர் ராமானுஜன் என்பதால் அறிவோம். மற்றவர்கள் தோற்றதும் தேறியதும் எங்கே போயிற்று?

அக்காலத்தில் அங்கே அக்கிரகாரப் பிள்ளைகளே மிகுதி. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். வெளியே நின்றவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளவும் உள்ளே இருந்தவர்களின் காகிதங்கள் வேண்டும்.

எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்திய இரண்டாண்டுப் படிப்பு) படித்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியை வீடு இடித்தபோது எடைக்குப் போட்டுவிட்டோம். மேலே நோட்டுப் புத்தகங்கள் இருந்தன என்று அத்தை சொன்னாள். நான் அப்போது ஊரில் இல்லை; இருந்திருந்தாலும் தடுத்திருப்பேனா என்று சொல்ல முடியவில்லை. ஆடிப் பெருக்கில் பழைய ஓலை ஏடுகளைத் தேர்போலக் கட்டி ஆற்றில் விட்ட செய்தியை ஐயரவர்கள் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் பெட்டிதான் கண்முன் வருகிறது.

அதனால் கேட்கிறேன். பரணில் ஏறிப் பாருங்கள். கடிதம், கணக்கு நோட்டு, சான்றிதழ், குழுப்படம், வாரச் சாப்பாட்டுக்குச் சிபாரிசு கேட்ட கார்டு என எதுவானாலும் படம் எடுங்கள். பின்னால் பேர், ஊர், வருஷம் எழுதுங்கள். பாட்டி சொன்ன கதை இருந்தால் அவர் சொன்னபடியே பதிவு செய்யுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். கல்லூரி நூலகத்துக்கு ஒரு படி கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
அந்தக் கல்லூரியின் பழைய மாணவன்