இழுத்து வருவதும் அழைத்து வருவதும்

ஹலசூர், பெங்களூரு

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பயிற்சியை விடவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இதை எழுதக் காரணம் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு. சிரிக்காதே. மே விடுமுறைக்கு உன் மகன் இங்கே வந்தால் செழியனோடு அதைத்தான் விளையாடப்போகிறான். அதற்கு முன் நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் பொதுவாக ஓர் உலகம் இருக்கிறது. அதில் கட்டளை போடும் அதிகாரம் செழியனிடம். எழுதிவைத்த கட்டளையைத் தானே ஓட்டும் கட்டமான கமாண்ட் பிளாக்கில் ஊதா நிறத்தது ஒன்றை வைத்து, ஆட்களைத் தன் கோட்டை வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் கட்டளையை எழுதிவிட்டான். ஊதா நிறப் பிளாக் ஓயாது. நொடிக்கு 20 முறை அதே கட்டளையை ஓட்டும். யாரை என்ற இடத்தில் வெறும் ‘அட் ஏ’, அதாவது ‘எல்லோரையும்’ என்று போட்டிருந்தான். அதற்கு அருகில், தொலைவில் என்ற கணக்கே கிடையாது. நெதர் என்னும் கீழுலகத்தில் இருப்பவரையும் அள்ளிக்கொண்டு வரும். எதிர்வீட்டுப் பெண் அங்கேதான் லாவாவுக்கு மேலே பாலம் கட்டிக்கொண்டிருந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் கோட்டை வாசலில் நின்றாள். ஓரடி நகர்ந்தாலும் மறுபடி வாசல். அழுதுகொண்டே கணினியை அணைத்துவிட்டாள். கேட்டால், “சும்மா கூப்பிட்டேன், அப்பா” என்கிறான் இவன். நம் ராஜதுரை விடுதியில் சீட்டாட்டத்துக்கு ஆள் சேர்த்தது நினைவிருக்கிறதா? அதேதான்! ஆனால் இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை, முருகேசா. அழைப்பதும் இழுப்பதும் அவனுக்கு ஒன்றாகவே தெரிந்தது. அது என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் இருவரும் உட்கார்ந்தோம். முதலில் எல்லை கட்டினான். ஒரு மூலையின் ஆயத்தொலைவைக் கொடுத்து, அதிலிருந்து நீளம், உயரம், அகலம் சொன்னால் அந்தப் பெட்டிக்குள் நிற்பவர் மட்டுமே அகப்படுவார். நெதரில் இருப்பவருக்குத் தொல்லையில்லை. நீளத்தைக் குறிக்கும் டிஎக்ஸ் 4 என்றால் 5 கட்டம், தொடங்கும் கட்டமும் சேர்வதால். இறங்கும் இடம் பெட்டிக்கு வெளியே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் பட்ட பாடுதான்.

அதுவும் போதாது என்றேன். வழியோடு போகிற பிள்ளை பெட்டிக்குள் கால் வைத்தால்? அப்போதுதான் ட்ரிகர் கட்டளையைத் தேடிப் பிடித்தோம். எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அதிகாரம் இல்லாத பிள்ளையும் அதைத் தானே தட்டச்சு செய்யலாம். செழியன் ‘வருகிறேன்’ என்று ஒரு கணக்குப் பலகை திறந்து, எல்லோருக்கும் அதை இயக்கும் அனுமதி கொடுத்தான். யார் விரும்பித் தட்டுகிறார்களோ அவர்கள் பெயருக்கு நேரே 1 விழும். ஊதா பிளாக் அந்த 1 இருப்பவரை மட்டும் கொண்டுவரும். அடுத்த பச்சைப் பிளாக் அதைச் சுழியாக்கும். அதற்கடுத்தது அனுமதியைப் புதுப்பிக்கும். ஒருமுறை தட்டியதும் அனுமதி தானாகவே போய்விடுவதால் இந்தக் கடைசிப் பிளாக்கை விடமுடியாது. ஒருமுறை சரி என்றவரிடமும் அடுத்த முறை புதிதாகக் கேட்கவேண்டும் என்று அந்த விளையாட்டே வைத்திருக்கிறது, பார்!

எதிர்வீட்டுப் பெண் இன்னும் வரவில்லை. செழியன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டான். மேலே ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று தடுத்துவைத்திருக்கிறேன். வருவதும் வராததும் அவள் விருப்பம்.

உன் மகன் கைபேசியில் விளையாடுவது பெட்ராக் பதிப்பு. எங்களுடையது ஜாவா. அவன் கைபேசியிலிருந்து நேராக இந்த உலகத்துக்குள் நுழையமுடியாது, கட்டளைகளும் அப்படியே பொருந்தா. பெட்ராக்கில் ட்ரிகரே இல்லை. அதனால் இங்கே என் கணினியில் உட்காரட்டும். அதிகாரத்தை அவனுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மேலே சொன்னதையெல்லாம் அதற்கு முன் அவனிடம் நீயே உட்கார்ந்து பேசு, தட்டிக்கழிக்காதே.

மதுரையிலிருந்து வந்தே பாரத் கன்டோன்மென்ட் வரை வருகிறது. அங்கே நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது.

அன்புடன்,
சிதம்பரம்