கால்வாயை அள்ளுங்கள், வழித்தெடுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்புக் கால்வாய்களில் நீர்த்தாவரங்களை அள்ளும் வேலை பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த படத்தையும் குறிப்பையும் பார்த்தேன். வேலை நடக்கிறது என்பதே நல்ல செய்திதான். ஆனால் கரையில் குவிந்து கிடந்ததில் மேலே ஆகாயத்தாமரை, அடியில் கரும்பச்சையாகச் சடைபிடித்த ஐதரில்லா என்ற நீர்ச்செடி. குறிப்பை எழுதியவர் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து, எல்லாம் வேரோடு போகவேண்டிய அந்நியக் களை என்று முடித்துவிட்டார். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்ற முறையில் அதற்கு மறுப்புச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதை ஒழிக்க இங்கே 1909 இலேயே சட்டம் போட்டார்கள். சட்டம் வந்தும் ஆகாயத்தாமரை போகவில்லை. சல்வீனியா 1939 இல் படிப்புத் தேவைக்கென்று கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டு, பிறகு வயலும் குளமுமாகப் பரவியது. இவை இரண்டும் நீரின் மேல் மிதந்து வெளிச்சத்தை மறைப்பவை. ஐதரில்லா அப்படியல்ல. அது நம் பகுதிக்கே உரியது, அடிச்சேற்றில் வேர்விட்டு நீருக்குள்ளேயே வளர்வது. இன்னொரு சங்கதி: 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போன ஐதரில்லாதான், அங்கே தூக்கி வீசப்பட்டு, இன்று அவர்கள் கோடிக்கணக்கில் செலவழித்து வெட்டும் களையாகியிருக்கிறது. அங்கே அந்நியன் நம்முடையதுதான்!

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரிந்த செடி. முகவையில் தண்ணீர், அதற்குள் ஒரு கட்டு ஐதரில்லா, மேலே கவிழ்த்த புனல், அதன் மேல் நீர் நிரப்பிய சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் வெட்டிய தண்டின் நுனியிலிருந்து ஒட்சிசன் குமிழ்கள் வரிசையாக மேலே ஏறும். ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் இன்னும் வேகமாக வரும். தண்டை விரலிடையே வைத்து இழுத்துப் பாருங்கள், சொரசொரவென்றிருக்கும். கணுவுக்குக் கணு சுற்றிநிற்கும் சிறிய இலைகளின் விளிம்பெல்லாம் பல். இந்தச் செடியைத்தான் இப்போது பிள்ளைகள் மீன்தொட்டிக் கடையில் றப்பர் பட்டி போட்ட கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் கைவைக்க எந்தத் தாய் விடுவாள்?

முகவையில் நடப்பதுதான் குளத்திலும் நடக்கிறது. பகலில் நீருக்கு ஒட்சிசன் கிடைக்கிறது. மீன்குஞ்சும் இறாலும் இலைகளுக்குள் ஒளிந்துகொள்கின்றன. தலங்கம குளத்துக் குள்ளத்தாராக்களுக்கு இது தீனி. வேர் சேற்றைப் பிடித்துக்கொள்வதால் நீர் தெளிந்திருக்கிறது. அதை முழுவதும் பிடுங்கிவிட்டால் என்ன ஆகும்? கழிவுநீரோடு வரும் நைதரசனும் பொசுபரசும் எங்கும் போய்விடாது. வேர்ச்செடி இல்லாத இடத்தில் அதைக் கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் அல்காக்கள், அதாவது நுண்பாசிகள், எடுத்துக்கொள்ளும். நீர் பச்சையாகிவிடும், வெளிச்சம் அடிக்குப் போகாது, பிறகு நாமே நினைத்தாலும் செடி திரும்பத் தழைப்பது கடினம். பேரே வாவிப் பக்கம் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, வெயில் காலத்தில் அந்த நீர் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோலக் கிடக்கும்.

ஐதரில்லாவை அள்ளவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாளுக்கு ஓரங்குலம் வளரக்கூடிய செடி அது. அடர்ந்து மேல்மட்டத்துக்கு வந்துவிட்டால் இரவில் அதுவே ஒட்சிசனை இழுத்து, விடியும்போது மீன்களை வாயைப் பிளக்கவைக்கும். வெள்ள நேரத்தில் ஓட்டத்தையும் மறிக்கும். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே தண்ணீர் ஏறியதை நாம் மறக்கவில்லை, கால்வாய் ஓடத்தான் வேண்டும். அதனால் நடுவில் ஓட்டம் உள்ள பகுதியை வெட்டித் திறந்துவிட்டு, இரண்டு கரையோரமும் ஒரு பட்டியை விட்டுவைத்தால் என்ன? மிதப்பவற்றை முழுதாக எடுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. வெட்டிய ஐதரில்லாத் துண்டுகளை மட்டும் நீரில் மிதக்க விடாமல் உடனே கரையேற்ற வேண்டும். ஒரு கணு இருந்தாலே போதும், அது புதுச்செடி. அடிச்சேற்றில் இருக்கும் பட்டாணி அளவுக் கிழங்குகள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், வேரோடு ஒழிக்கிறோம் என்ற பேச்சே வீண்பேச்சு. சேற்றைக் கிளறினால் அதில் படிந்த சத்து மேலே வந்து அல்காவுக்குத்தான் தீனியாகும். செலவழிக்கப் பணம் இருந்தால் கால்வாய்க்குள் திறந்துவிட்டிருக்கும் கழிவுக் குழாய்களைத் தேடி அடைக்கட்டும். ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018 இல் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் பெற்ற ஊர் இது.

அப்புறம், மாடிவீடுகளில் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அலுத்துப்போன தொட்டியை, செடியும் மீனுமாகக் கால்வாயில் கவிழ்க்கும் பழக்கம் எங்கள் பக்கம் உண்டு. புளோரிடாவில் நடந்ததும் அதுதான். கடையில் வாங்கிய வெளிநாட்டுச் செடியை நன்றாகக் காயவைத்துக் குப்பையோடு போடுங்கள். மீன் வேண்டாமென்றால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.