ஆப்பிரிக்காவின் மொழிகளுக்குப் பாடநூலில் இடம் தாருங்கள்

மதிப்பிற்குரிய பள்ளிப் பாடநூல் குழுவினருக்கு,

வணக்கம். இராமநாதபுரம் கடலோர ஊர்களில் நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். நான் நடத்திய பாடங்களில் ஆப்பிரிக்கா என்றால் சகாரா, நைல், வைரச் சுரங்கம், காட்டு விலங்கு என்றே இருந்தது. அங்குள்ள மக்கள் என்ன பேசுகிறார்கள் என்பதற்கு ஒரு பத்திகூட இல்லை. எங்கள் கரையில் நிற்கும் பொந்தன்புளி மரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்று அறிந்துகொள்ளும் பிள்ளைக்கு, உலக மொழிகளில் கால் பங்குக்கும் மேல், அதாவது சுமார் 2,000 மொழிகள், அந்தக் கண்டத்தில் வழங்குகின்றன என்பதும் தெரிய வேண்டாமா?

ஒரே மூலமொழியிலிருந்து கிளைத்த மொழிகளின் தொகுதியே மொழிக்குடும்பம். வடக்கிலும் வடகிழக்கிலும் ஆப்பிரிக்க-ஆசியக் குடும்பம் பரவியிருக்கிறது. அரபி, அம்காரிக், சோமாலி, பெர்பர், மேற்கே ஹௌசா எல்லாம் அதில் அடங்கும். நைல் நதியின் மேல்பகுதியிலும் அதைச் சுற்றியும் டிங்கா, லுவோ, மசாய் போன்ற நைலோ-சகாரா மொழிகள் உள்ளன. மேற்கு, நடு, தெற்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி நைஜர்-காங்கோ குடும்பத்துக்கு உரியது. அதன் கிளையான பாண்டு மொழிகள் மட்டுமே ஏறத்தாழ 500.

இந்தப் பாடத்தை எங்கள் பிள்ளைகளுக்கு எளிதில் விளக்கக்கூடியது பாண்டு மொழியான சுவாகிலி. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வளர்ந்த அம்மொழி பல நூற்றாண்டுகள் அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அரபுச் சொற்களும் அதில் ஏராளம். ஆயினும் அது அரபிக்கு உறவுமொழி அன்று. நூலைக் குறிக்கும் அரபியின் 'கிதாப்' அங்கே 'கிடாபு' ஆகி, முதலசையை மாற்றிப் பன்மையில் 'விடாபு' என்று பாண்டு இலக்கணத்துக்குப் பணிந்துபோகிறது. கீழக்கரையில் 19ஆம் நூற்றாண்டில் இஸ்லாமிய அறிஞர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபு எழுத்தில் எழுதியது தமிழே என்பதை வீட்டுக் கிதாபுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அறியும். எழுத்தும் கடன்சொல்லும் குடும்பத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதை அந்தப் பிள்ளைக்கு ஒரே வகுப்பில் புரியவைத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கேட்கிறேன். 1963இல் அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் ஆப்பிரிக்க மொழிகளுக்கு முன்வைத்த நான்கு குடும்பப் பகுப்பை முடிந்த முடிபாக அச்சிட்டுவிடாதீர்கள். சொடுக்கொலிகள் (நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள்) நிறைந்த, ஆப்பிரிக்காவின் தென்பகுதி மொழிகளையும் தான்சானியாவின் ஹட்சா, சண்டாவே மொழிகளையும் அவர் 'கொய்சன்' என்று ஒன்றாகத் தொகுத்தார். இன்றைய ஆய்வாளர் பலர் அதை ஒரே குடும்பமாக ஏற்பதில்லை. சொடுக்கொலி இருப்பதும் உறவுக்குச் சான்றாகாது. பாண்டு மொழிகளான கோசாவும் சூலுவும் அண்டை மக்களிடமிருந்து அவ்வொலிகளைப் பெற்றவையே. நைலோ-சகாரா குடும்பத்தின் ஒருமையும் விவாதத்தில் இருக்கிறது. இந்த ஐயங்களை மறைக்காமல் சொல்வதே பிள்ளைகளுக்கு நாம் செய்யும் நேர்மை.

மடகாஸ்கரையும் விட்டுவிட வேண்டாம். அத்தீவின் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு தென்கிழக்கு ஆசியத் தீவான போர்னியோவின் தென்பகுதியில் வழங்கும் மாஞ்ஞான் மொழி என்று 1951இல் நார்வே மொழியியலாளர் ஓட்டோ கிறிஸ்தியன் தால் நிறுவினார். அந்தத் தீவுப் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடலை மரக்கலத்தில் கடந்துபோன ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்ப மக்களின் மொழி மலகாசி. கடலோடிகளின் பிள்ளைகள் இதை ஆர்வமாகக் கேட்பார்கள்.

ஆகவே, ஆப்பிரிக்கப் பாடத்தில் மொழிக்குடும்பங்களைக் காட்டும் வண்ண வரைபடம் ஒன்றையும், ஐயத்துக்குரிய எல்லைகளைப் புள்ளிக்கோட்டால் குறித்த விளக்கத்தையும், அரபுத்தமிழையும் சுவாகிலியையும் அருகருகே வைத்த ஒரு பயிற்சியையும் அடுத்த பதிப்பில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கீழக்கரை