கொம்பும் தும்பிக்கையும்

அன்புள்ள மலர்,

இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம்தானே? அப்பாவின் கதைகளைச் சேர்த்துப் போடுகிற 'கொல்லைக் கிணறு' புத்தகத்துக்காக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின முதல் பக்கத்தையும் மூன்று அட்டைகளையும் பக்கத்து வீட்டுப் பையன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எழுத்தைப் பற்றி வாயால் எவ்வளவு சொல்ல முடியும்? எழுதிக் காட்டினால்தான் புரியும். அதனால்தான் இந்தக் கடுதாசி.

முதல் பக்கத்தில் ஆரம்பிக்கிறேன். அப்பாவின் கதை 'கொல்லைக் கதவு' என்று தொடங்குகிறது. முதல் எழுத்தை மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறாய். ஆசை சரி. வந்திருப்பதைப் பார்த்தாயா? ஒற்றைக் கொம்பு மட்டும் மூன்று வரிக்கு நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் 'கா' சின்னதாக ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. கொம்பு நிற்கிறது, மாட்டைக் காணோம்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்பா இருந்திருந்தால் இதையே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

தப்பு உன்னுடையது இல்லை. அந்தப் பழைய ஃபான்டுக்குக் கொம்பு, க, கால் என்று மூன்றும் தனித்தனித் துண்டு. முதல் துண்டைப் பெரிதாக்கு என்றால் அது கொம்பைத்தான் தூக்கி நிறுத்தும். அச்சாபீஸில் நாங்களும் 'கொ'வை மூன்று ஈயத் துண்டாகத்தான் கோத்தோம். ஆனால் கோக்கிற கைக்கு அது ஒரே எழுத்து என்று தெரியும். அச்சுக்குப் போகும் முன் உன் ஆளிடம் சொல்லி, 'கொ' முழுவதையும் சேர்த்துப் பெரிதாக்கச் சொல். முடியாது என்றால் விட்டுவிடு, பெரிய எழுத்தே வேண்டாம்.

போன வருஷம் நீ வாங்கித் தந்தாயே, அந்தக் கனமான புத்தகத்தில் பார்த்தேன். முதல் எழுத்தைப் பெரிதாக்குவது வெள்ளைக்காரர்கள் வழக்கம். குட்டன்பர்க் பைபிளில் முதல் எழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்துவிட்டு, அப்புறம் ஆள் வைத்து வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். 1457இல் மைன்ஸ் நகரத்தில் ஃபுஸ்ட், ஷோஃபர் என்ற இரண்டு பேர் பைபிள் சங்கீதங்களைத் தனிப் புத்தகமாகப் போட்டபோது, அந்தக் கொடி சுற்றின எழுத்தைச் சிவப்பும் நீலமுமாக அச்சிலேயே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தை எத்தனை நாள் பார்த்தேன் தெரியுமா? இரண்டு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் அடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது டிரெடில் அச்சு மெஷின் பக்கத்தில் நின்றவளுக்குத்தான் தெரியும். ஆனால் நமக்குக் கேபிடல் எழுத்து ஏது? தாளின் உச்சியில் போடுகிற பிள்ளையார் சுழிதான் நம் முதல் அலங்கார எழுத்து. இந்தக் கடுதாசியிலும் இருக்கிறது பார்.

கும்பகோணத்தில் நான் அச்சாபீஸில் சேர்ந்தது 1977இல், பதினெட்டு வயதில். ஈய எழுத்துகளை அறை அறையாகப் போட்டு வைக்கிற கம்பாசிங் கேஸைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றிருந்தது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்கும் அறை தேவையில்லை. கொம்பும் காலும் ஐகாரத்தின் சங்கிலிக் கொம்பும் தனியாகக் கிடக்கும், அநேகமாக எந்த எழுத்தோடும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் புள்ளி வைத்தது, கி வரிசை, கீ வரிசை, கு வரிசை, கூ வரிசை எல்லாம் ஒவ்வொன்றும் தனி ஈய வார்ப்பு. பதினெட்டுப் பதினெட்டாகக் கூட்டி, வெறும் க வரிசையையும் சேர்த்துப் பார், நூறு அறையைத் தாண்டிவிடும். எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலம் மாறின எழுத்து. ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் தலைகீழாக அடுக்கிப் படிக்க வேண்டும். இரண்டாவது மாதம் பாதிப் பக்கம் கோத்து வைத்திருந்த 'காலி'த் தட்டைக் கைதவறிக் கீழே போட்டேன். முதலாளி திட்டவில்லை. எல்லாவற்றையும் பொறுக்கி அறை அறையாகப் பிரித்துப் போடச் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் பிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு எழுத்து தெரிந்தது என்று சொல்லலாம்.

உகர வரிசையை உற்றுப் பார்த்திருக்கிறாயா? 'கி' முதல் 'னி' வரைக்கும் அநேகமாக ஒரே மாதிரி விசிறிதான். உகரம் அப்படி இல்லை. 'கு' ஒரு மாதிரி வளையும், 'சு' கீழே இறங்கி நிற்கும், 'து' கால் நீட்டும், 'மு' சுற்றிக்கொண்டு மேலே போகும். 'கூ'வுக்கு வாலே தனி. ஃபான்ட் செய்கிறவர் கெட்டிக்காரரா என்று பார்க்க 'அ'வைப் பார்க்க மாட்டேன், 'கூ'வையும் 'ஞூ'வையும்தான் பார்ப்பேன். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று அங்கேதான் சோம்பல்படுவார்கள்.

அப்பாவும் நானும் ஒருதடவை தரங்கம்பாடிக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா, நீ காலேஜில் இருந்தாய். கடற்காற்று, கோட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் அச்சுப் பேச்சையே பேசிக்கொண்டிருந்தேன் என்று அவருக்குக் கோபம். அங்கே அச்சுக்கூடம் வைத்த பாதிரியார் சீகன்பால்குக்குத் தமிழ் எழுத்து ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரிலிருந்து 1713இல் கப்பலில் வந்தது. எழுத்து பெரிசு, காகிதமோ தட்டுப்பாடு. அந்த எழுத்தில் அடித்தால் புதிய ஏற்பாடு எத்தனை தாளைத் தின்னும்! அதனால் ஊரிலேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' மொத்தமே பதினாறு பக்கம். கடைசிப் பக்கத்தில் கோவாவில் செய்த எழுத்து இது, கொல்லத்தில் செய்த எழுத்து இது என்று இரண்டையும் தனித்தனியாக அச்சடித்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் என்று சொல்கிறோமே, அதிலேயே எழுத்து செய்தவர்களின் பெருமையும் ஏறிவிட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி இது.

சரி, அட்டைக்கு வருகிறேன். எழுத்து முழுக்க இலையும் பூவும் முளைத்திருக்கிற இரண்டாவது அட்டை வேண்டவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. முதல் அட்டை பிரஷ்ஷால் இழுத்த மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் 'கொல்லைக் கிணறு' என்பதில் மூன்று சுழி ண இரண்டு சுழியாகிவிட்டது. கினறு என்று யார் படிப்பார்? அப்பா எழுத்துப் பிழைக்காக என்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்த மனுஷன். ஓவியர் ஆதிமூலம் அட்டைகளுக்கு எழுதின எழுத்தைத் தேடிப் பார். அந்த எழுத்து வளையும், உடையும், கல்லில் கொத்தினது போல நிற்கும். அலங்காரம் வேண்டுமென்றால் அப்படி எழுத்துக்கு உள்ளேயிருந்து வரட்டும், மேலே ஒட்டினதாக இருக்க வேண்டாம்.

மூன்றாவது பரவாயில்லை. ஆனால் அதில் ஒன்று இல்லை.

அப்பாவின் நோட்டுகளை எடுத்துப் பார்த்தாயானால் 'லை' எல்லாம் பழைய லையாக இருக்கும். முன்னால் யானை தும்பிக்கையைத் தூக்கி நிற்கிற மாதிரி ஒரு சுழிப்பு. ணை, ளை, னை எல்லாமே அப்படித்தான். பெரியார் 1935லிருந்தே தன் குடி அரசு பத்திரிகையில் அதை மாற்றிவிட்டார். அரசாங்கம் 1978இல் ஏற்றுக்கொண்டது, நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம். ஒரே நாளில் ஒன்றும் மாறவில்லை. பாடப்புத்தகம் மாறியது, பத்திரிகைகள் மாறின, எங்கள் ஆபீஸில் பழைய எழுத்து தீர்கிற வரைக்கும் ஓடியது. நியாயமாகச் சொன்னால் எனக்கு வேலை குறைந்தது. தும்பிக்கை லைக்குத் தனி அறை வேண்டாம், இருக்கிற ஐகாரக் கொம்பையே முன்னால் வைத்தால் போதும். ஆனாலும் அந்த எழுத்துகளை உருக்கப் போட்ட அன்று ஒரு 'லை'யை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். திருட்டுதான். இப்போதும் ஐந்தறைப் பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அப்பாவுக்குத் தெரியும். அவர் கடைசி வரைக்கும் பழைய லைதான் எழுதினார்.

உள்ளே கதைகள் புதிய எழுத்திலேயே இருக்கட்டும், இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகள் தடுக்கி விழ வேண்டாம். அட்டையில் மட்டும் பழைய லை வேண்டும். உன் ஃபான்டில் அது இருக்காது, கையால்தான் வரைய வேண்டும். நானே பட்டர் பேப்பரில் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு தாள் இருக்கும். மூன்றாவதுதான் சரியாக வந்தது. மற்றதில் தும்பிக்கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது. ஸ்கேன் செய்யும்போது சுத்தம் பண்ணுகிறேன் என்று வளைவை வழவழப்பாக்கிவிடாதே. ண-வின் மூன்று சுழியும் ஒரே அளவில் இல்லை, தெரிந்துதான் அப்படிப் போட்டேன்.

அப்புறம் ஒன்று. உள்பக்கத்தில் வரிகள் நெருக்கமாக இருக்கின்றன. மேல்வரி 'ழூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் தலையை இடிக்கிறது. இங்கிலீஷுக்கு வைக்கிற இடைவெளி தமிழுக்குப் போதாது. நாங்கள் வரிக்கு வரி லெட் என்கிற ஈயப் பட்டை போட்டுத் தள்ளுவோம். பத்துப் பாயிண்ட் எழுத்தென்றால் வரிக்கு வரி பதினாலு பாயிண்டாவது வை. பக்கம் கூடும், செலவும் கூடும். அந்தக் கூடுதல் செலவை நான் தருகிறேன், மாப்பிள்ளையிடம் கேட்காதே.

குட்டி 'ந'வையும் 'த'வையும் இடவலமாக எழுதுகிறாள் என்று டீச்சர் குறை சொன்னதாகச் சொன்னாயே. அவளைத் திட்டாதே. அந்த நோட்டுத் தாளில் ஒன்றைக் கிழித்து எனக்கு அனுப்பு. இங்கே அதைச் சுலபமாகப் படிக்க ஒருத்தி இருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா