நீர்மட்ட சென்சாருக்கு சர்வரில் தனி இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2019-இல் மாநகராட்சியான நாகர்கோவிலில் தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, கேமரா என எதை இணையத்தோடு இணைக்கப் பேசினாலும் எத்தனை கருவி என்றுதான் கேட்கிறோம். அவற்றின் தரவைத் தாங்கும் சர்வரை எப்படிப் பங்கிடுவது என்பதையும் டெண்டரிலேயே எழுத வேண்டும்.

நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஓடும் ஒரு கேமரா நாளொன்றுக்கு 43 ஜிபி தரும். 100 கேமராக்களின் 30 நாள் பதிவுக்கு ஏறக்குறைய 130 டிபி வேண்டும். திற்பரப்புக்கு மேலே கோதையாற்றில் வைக்கும் நீர்மட்ட சென்சார் 15 நிமிடத்துக்கு 20 பைட் அனுப்பினால், நாள் முழுக்க 2 கேபிகூட வராது. ஆனால் பேச்சிப்பாறையில் உபரிநீர் திறக்கும் நாளில் ஆளைக் காப்பது அந்த 20 பைட்தான். இரண்டையும் ஒரே சர்வரில் வரம்பின்றி ஓடவிட்டால், வீடியோவை அலசும் மென்பொருள், சர்வரின் தற்காலிக நினைவகமான ராம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். அப்போது சர்வரை இயக்கும் லினக்ஸ், ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவதொரு நிரலை (புராசஸை) நிறுத்தும். அது வெள்ள எச்சரிக்கையாகவும் இருந்துவிடலாம். எனவே ஒவ்வொரு சேவைக்கும் சிபியு, ராம் உச்சவரம்பு வேண்டும். எச்சரிக்கைக்கு மட்டும் மற்றவை தொட முடியாத ஒதுக்கீடு வேண்டும். கேமராப் படத்தை அந்தந்தச் சந்திப்பிலேயே சிறு கணினியில் அலசி, முடிவை மட்டும் அனுப்பினால் போதும்.

கிளவுடில், அதாவது இணையம் வழி வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில், தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்பார்கள். ஃபைபர் அறுந்தபின் அங்கே எத்தனை சர்வர் கூட்டி என்ன? 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நம் ஊர்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. சென்சார்களின் தரவை வாங்கி சர்வருக்கு அனுப்பும் கேட்வே என்ற கருவி 10 வாட் இழுத்தால், 3 நாள் ஓட 720 வாட்-மணி தேவை. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலே அது கிடைத்துவிடும். நிமிடத்துக்கு ஒரு அளவீடாக ஒரு மாதம் கேட்வேயிலேயே சேர்த்தாலும் 1 எம்பி தாண்டாது. செலவைக் காட்டி இதை மறுக்க இடமே இல்லை.

மின்சாரம் திரும்பும் நேரம் இன்னும் ஆபத்தானது. எல்லாக் கருவிகளும் ஒரே நொடியில் இணைய முட்டி மோதி சர்வரைப் படுக்க வைத்துவிடும். ஒவ்வொன்றும் 0 முதல் 300 நொடிக்குள் தற்செயலான தாமதத்தோடு இணைய வேண்டும். தோற்றால் இடைவெளியை 2, 4, 8 நொடி என இரட்டிப்பாக்க வேண்டும். சேமித்து வைத்த அளவீடுகள் எடுத்த நேரத்தோடு வர வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தைப் பதிந்தால், நேற்றைய வெள்ளம் இன்றைய வெள்ளமாகத் தெரியும்.

ஏற்புச் சோதனையில் மின்சாரம், ஃபைபர் இரண்டையும் ஒருசேரத் துண்டித்து, 3 நாள் கழித்து இணைத்துப் பார்க்க வேண்டும். அதில் தேறும்வரை ஒப்பந்ததாரருக்கு இறுதித் தவணையை விடுவிக்கக் கூடாது.

— வாசகர், தக்கலை